பனி பெய்யாத ஊர் தேடி

ஜனவரி 6, பெமிட்ஜி

இந்த வடகோடி ஊரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தினமும் நடக்காவிட்டால் முட்டி பூட்டிக்கொள்ளும் என்கிறார் டாக்டர். எங்கே நடப்பது? போன வருஷம் தபால் பெட்டி வரை போனதற்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். இப்போது மளிகைக் கடைக்குள் காலி தள்ளுவண்டியோடு பதினான்கு சுற்று. காவலாளி என்னைத் திருடி என்றே முடிவு கட்டிவிட்டான். மிச்ச ஆயுசையாவது ஆகாயத்துக்குக் கீழே நடந்து கழிக்க வேண்டும். வேறு ஆசை இல்லை.

வீட்டை விற்றாயிற்று. ஏப்ரலில் சாவியைக் கொடுக்க வேண்டும். அரிசோனா போவது முடிவு. ஃபீனிக்ஸா, டூசானா என்பதுதான் பாக்கி. இரண்டுக்கும் நடுவே காரில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. என் கணவன் ரோல்ஃப் கட்டம் போட்டு வைத்திருக்கிறான்: வெயில், மழை, கோல்ஃப் மைதானம், மலைப்பாதை. பனி என்ற கட்டத்தில் இரண்டு ஊருக்கும் முட்டை. முப்பத்தொரு வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவன், அந்த முட்டையைப் போடும்போது பேனாவைக் கொஞ்சம் அழுத்தினான்.

ஜனவரி 14, ஃபீனிக்ஸ்

எழுபது டிகிரி. உள்ளூர்க்காரர்கள் கோட்டு போட்டு நடுங்குகிறார்கள். ரோல்ஃப் அரைக்கால் சட்டையில் கோல்ஃப் ஆடினான். அவன் காலின் வெள்ளையில் எனக்கே கண் கூசியது.

"பிடிச்சிருக்கா, மார்லிஸ்?"

"பரவாயில்ல."

"பரவாயில்லதான்."

ஜனவரி 19, டூசான்

மலை! நாலு பக்கமும் மலை! கையைத் தூக்கி நிற்கும் கள்ளிகளுக்கு நடுவே மூன்று மைல் நடந்தேன். ஒரு இடத்தில்கூட வழுக்கவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி ஓடலாம் போல இருந்தது.

"எப்படி இருந்துச்சு?" என்றான் ரோல்ஃப்.

"மோசமில்ல" என்றேன்.

ஜனவரி 21

வீட்டுத் தரகர் டெனிஸ் ஒரு வீடு காட்டினாள். பின்கதவைத் திறந்தால் மலைப்பாதை. என் இதயம் அங்கேயே குடியேறிவிட்டது.

"உங்களுக்காகப் பிடிச்சு வைக்கச் சொல்லட்டுமா?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்" என்றேன்.

"நிஜமாவே வேண்டாமா?"

"பாவம், வேற யாருக்காவது தேவைப்படும்" என்றான் ரோல்ஃப்.

எங்கள் ஊரில் முதல் மறுப்பு மரியாதை, இரண்டாவது அடக்கம். மூன்றாவது தடவை கேட்டால்தான் "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." என்று வாங்கிக்கொள்வோம். ஒரு துண்டு கேக்குக்கே அப்படித்தான். இருவரும் புன்னகையோடு காத்திருந்தோம். அவள் கோப்பை மூடி, கைகுலுக்கி, காரில் ஏறிப் போய்விட்டாள்!

ஜனவரி 23

வீடு போய்விட்டது. டெக்சாஸ் தம்பதி. பார்த்த உடனே "வேணும்" என்றார்களாம். என்ன ஜென்மங்கள்!

"நல்லவங்களா இருப்பாங்க" என்றான் ரோல்ஃப். நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஜனவரி 25

நாற்பத்தொரு வருஷத்தில் முதல் சண்டை.

"அப்ப ஃபீனிக்ஸ்தான். நீ ஆசைப்பட்ட ஊருதானே" என்றான், ஓட்டலில் காலைச் சாப்பாட்டு முட்டையைக் கிளறிக்கொண்டே.

"நான் எப்ப ஆசைப்பட்டேன்?"

"பரவாயில்லன்னு சொன்னியே! அங்க பரவாயில்ல, இங்க மோசமில்ல. பரவாயில்லதானே ஒசத்தி?"

"எனக்கு டூசான் வேணும்! மலை வேணும்! கத்தறேன், கேக்குதா?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "இத்தன நாளா ஏன்டி சொல்லல?"

"நீ ரெண்டு தடவைக்கு மேல கேட்டாத்தானே!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். பிறகுதான் உறைத்தது — நான் மட்டும் அவனைக் கேட்டேனா? அங்கேயே கேட்டேன். எந்த ஊர் என்றாலும் சரி என்றான். மறுபடி கேட்டேன். கோல்ஃப் இருந்தால் போதும் என்றான். விடவில்லை, மூன்றாவது தடவையும் கேட்டேன்.

"கோல்ஃப்னா எனக்கு ஆகவே ஆகாது" என்றான். "பனி இல்லாத ஊர்ல நான் எதுக்குக் காலைல எந்திரிக்கணும்னே தெரியல, மார்லிஸ்."

என் முட்டிக்காக இந்த மனுஷனைக் கொண்டுவந்து பாலைவனத்தில் நடப் பார்த்திருக்கிறேன். அழுகை வந்தது. இந்தத் தடவை குழாயைத் திறக்கவில்லை.

காப்பி ஊற்ற வந்த பெண்தான் சொன்னாள்: "பனியா? இந்த மலை உச்சிக்குப் போங்க, ஐயா. ஒரு மணி நேரம். முழங்கால் அளவு கிடக்கு, சறுக்கி விளையாடறாங்க."

அவன் கட்டம் போட்ட தாளில் ஊரின் பனிக்கணக்குதான் இருந்தது, மலை உச்சியின் கணக்கு இல்லை. காப்பி ஆறுவதற்குள் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

பிப்ரவரி 6

டெனிஸ் வேறொரு வீடு காட்டினாள். மலைப்பாதை நாலு தெரு தள்ளி. "உங்களுக்கு இது—" என்று அவள் ஆரம்பிக்கும்போதே "எடுத்துக்கறோம்!" என்றான் ரோல்ஃப். சமையலறையைப் பிறகுதான் பார்த்தோம். படுகேவலம்.

ஜூலை 2

நூற்றெட்டு டிகிரி. நடப்பதானால் விடியற்காலை ஐந்துக்கே. ஜனவரியில் வந்து ஊர் பார்த்தவர்களுக்கு இதுவும் வேண்டும்.

டிசம்பர் 29

நேற்று மலையில் நல்ல பனி. ரோல்ஃப் விடியும் முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பத்து மணிக்குத் திரும்பினான். வண்டியின் பின்பக்கம் முழுக்கப் பனி. அதை அள்ளி அள்ளி எங்கள் வாசலில் பரப்பினான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஓரம் முதல் ஓரம் வரை சமமாகப் பரப்பி முடித்து, கையை ஊதிக்கொண்டு, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துத் தள்ளிச் சுத்தம் செய்ய ஆரம்பித்தான்.

அவனை அவன் வேலையோடு விட்டுவிட்டு நான் பனி எட்டாத அடிவாரப் பாதைக்குப் போனேன். நாலு மைல். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன்.