நிறம் அறியாத கணினி

மே 11, திங்கள்

காலையிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். சனிக்கிழமை சாவுச் சடங்குக்கான பெரிய படத்தைப் பார்க்க எங்கள் அச்சுக் கடைக்குப் பிராகோ அம்மா வந்தார். அவருடைய தாய் தொண்ணூற்று நாலு வயதில் நிறைவாகப் போனவர். அதனால் எங்கள் ஊர் வழக்கப்படி உடை, பின்னணி எல்லாம் வெள்ளையும் கறுப்பும்தான்; சிவப்பு அகாலச் சாவுக்கு. எங்கள் அச்சில் வெள்ளை முழுக்கச் செம்மண் நிறம் ஏறியிருந்தது.

"எங்கம்மா என்ன அல்பாயுசுல போனாளா? சிவப்புக் கட்டி அனுப்புற? புதன்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா வேற கடைக்குப் போறேன். சபைப் பொம்பளைங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவேன்."

சொல்வார். குமாசியில் அவர் வாய்க்கு எந்த வானொலியும் ஈடாகாது. கடையை மூடிவிட வேண்டியதுதான்.

மே 12

புது மை மாற்றியதும் வண்ணக் கட்டத் தாளை அச்சிட்டு, அளவு கருவியால் கட்டம் கட்டமாகப் படித்து, அச்சு இயந்திரத்துக்கு நிறத் திருத்தக் கோப்பு செய்தது நான்தானே? எங்கே பிசகினேன்? முந்நூறு கட்டம். மறுபடி அச்சிட்டு, மறுபடி அளந்து — மறுபடி செம்மண். கண்ணே அவிஞ்சு போச்சு.

மே 13

பிடிபட்டது. கடைக்குப் போன மாதம் வாங்கிய புதுக் கணினிதான் திருடன். கட்டங்களை அனுப்பும்போதே நிறத்தைத் தானாகத் திருத்தி அனுப்புகிறது. யார் கேட்டார்கள்? நான் அளந்தது இயந்திரத்தின் நிறத்தை அல்ல, இதன் சாமர்த்தியத்தை. நிறுத்தவும் வழி காணோம்.

கடையில் பாதிப் பங்கு என் நாத்தனார் கொனாடுவுக்கு. "அண்ணி, ஃபேன் வைக்க முக்காலியா போட்டிருக்கோமே, அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குக் கலர் பத்தி என்ன தெரியும்?" என்றாள்.

"ஒண்ணும் தெரியாது."

"அப்ப அதுதான் நமக்கு வேணும். தெரிஞ்சதுதான இவ்வளவு பாடுபடுத்துது."

தூசி தட்டினோம். கொடுத்ததைக் கொடுத்தபடியே அச்சிட்டது. கட்டங்கள் பார்க்கவே அசிங்கம்; ஆனால் இயந்திரத்தின் உண்மை நிறம் அதுதான். எனக்கோ அத்தனை சந்தோஷம். அளந்தேன், புதுக் கோப்பு செய்தேன், படத்தை அச்சிட்டேன். வெள்ளை வெள்ளையாக வந்தது.

பிராகோ அம்மா ஒன்றும் பேசாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார். பேசாததுதான் பயமாக இருக்கிறது.

மே 16, சனி

சடங்குக்குப் போனோம். வெயிலில் படத்தின் முன்னால் நின்று பிராகோ அம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மே 19

பிராகோ அம்மா வந்து தன் புகைப்படம் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இத நீயே வச்சுக்க. என் சடங்குக்கும் நீதான் அச்சடிக்கணும். பிள்ளைங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

கொனாடு வழக்கம்போல ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, "எப்ப வேணும்மா?" என்று கேட்டுவிட்டாள்.

பிராகோ அம்மா யோசித்தார். "அவசரமில்ல. நிதானமாவே செய்யுங்க."