பிரேக் சரியாகாத கார்

இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் தன் காருக்குப் பிரேக் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். அந்த நெடி ஜன்னல் வழியே வந்ததும் பசியாறாமல் எழுந்துவிட்டேன். நீ அந்தப் பழைய காரோடு மல்லுக்கட்டிய ஒன்பது மாதமும் உன் கைகளில் அந்த நெடிதான் இருந்தது.

உஜோங் பாசிரில் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் அந்தக் காரைக் கண்டுபிடித்தாய். சண்டைக்கு முன்பு ஓடியது. ஜப்பான்காரனுக்குப் பயந்து கீற்று போட்டு மூடியவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். அடித்தட்டு துருவேறி, இருக்கைக்குள் கோழி முட்டையிட்டிருந்தது. அதைக் காஜா பெராங்கில் இருந்த உன் வீட்டுக்குக் கயிறு கட்டி இழுத்துவந்தாய். "சுதந்திரத்துக்கு அம்மாவ இதுலதான் கோலாலம்பூர் கூட்டிட்டுப் போறேன், பாரு லா" என்றாய். நான் சிரித்தேன். நீ அதை ஓட வைத்துவிட்டாய்.

ஆனால் ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் பரிசோதனையில் தேறி, மறுபடி பதிவு செய்ய வேண்டும். அந்த அலுவலகத்தில்தான் நான் எழுத்துவேலை பார்க்கும் கிராணி. முதல் முறை விளக்கும் அடித்தட்டும் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை பிரேக். அழுத்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. வலது முன்சக்கரத்துக்கான சாமான் சிங்கப்பூரிலிருந்து வர வேண்டியிருந்தது, வரவில்லை. சுதந்திரத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் அதே பிரேக்கோடு மூன்றாம் முறை வந்து நின்றாய்.

"ஒரு வார்த்தை சொல்லு மச்சான். அம்மா சேலகூட எடுத்து வச்சிருச்சு."

வெள்ளைக்காரப் பரிசோதகர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் பேனாவை எடுப்பதற்குள் நான் அருகில் போனேன். நல்ல ஓட்டுநர், சாமான் வந்ததும் மாற்றிவிடுவான், நான் பொறுப்பு என்றேன். ஊருக்குக் கப்பலேற இருந்த மனிதர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போட்டார். பதிவு அட்டையில் முத்திரை குத்தியது நான். நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய்; உன் கண் கலங்கியிருந்தது.

மூன்றாம் நாள் பத்து பெரெண்டாம் ஊரில் இருக்கும் உன் தங்கையிடம் காரைக் காட்டக் கிளம்பினாய். மழை. வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்ததாம். நீ பிரேக்கை மிதித்திருக்கிறாய். வண்டி இடப்பக்க மரத்தில் மோதிக் கிடந்தது.

உன் வீட்டு வாசலில் நான் ஒதுங்கி நின்றேன். உன் அம்மா எழுந்து வந்து என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீ மட்டும் சொல்லலன்னா எம்புள்ளைக்கு அந்தக் காடி கெடச்சிருக்காதுப்பா. மூணு நாளாச்சும் ஆச தீர ஓட்டிட்டுப் போனான்." பிரேக் சரியில்லை என்று தெரிந்தேதான் முத்திரை குத்தினேன் என்று சொல்லிவிட என் வாய் திறந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். மூடிக்கொண்டேன்.

ஊரே வானொலியைச் சுற்றி நின்ற சுதந்திர நாளில், உன் அம்மாவோடு கதவடைத்து உட்கார்ந்திருந்தேன். அதன்பின் ஒவ்வொரு தீபாவளிக்கும் உனக்கு எடுப்பதுபோல எனக்கொரு சட்டை எடுத்தார். வேண்டாம் என்றால் அழுவார். போட்டுக்கொண்டு போய் அவர் போட்ட இலையில் சாப்பிட்டேன். இந்த வருடம் சொல்லிவிடலாம், அடுத்த வருடம் சொல்லிவிடலாம் என்று பதினெட்டு வருடம் போயிற்று.

சென்ற மாதம் அவரும் போய்விட்டார். கொள்ளிவைக்க மகனில்லை என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தேன்.