பத்துக்கு நாலு போட்ட அண்ணனுக்கு

என் சண்டைக்கார அண்ணா,

உன் கடைசி வீடியோவின் கீழே இன்னும் திட்டு வந்துகொண்டிருக்கிறது. நீ செத்த செய்தி தெரிந்தும் ஒருவன் ‘கேம் ஓவர்’ என்று எழுதி, சிரிக்கும் பொம்மை போட்டிருந்தான். நைனா கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தக் குதிரை, தொப்பி, துப்பாக்கி கேமுக்கு ஊரிலிருந்த விமர்சகர்கள் எல்லாம் மார்க்கை வாரிக் கொடுத்தார்கள். அந்த வீடியோவில் நீ பத்துக்கு நாலு போட்டாய். நிலத்துக்காக ஒரு குடியிருப்பையே சுட்டுத் தள்ளுகிறான் கதாநாயகன். மறுநாள் கடைக்காரன் சிரித்துக்கொண்டே அவனுக்குத் தோட்டா விற்கிறான். அதுதான் உன் கோபம். “அத்தினி பேரை சுட்டுப் போட்டிருக்கான். அழறதுக்கு ஒரு ஆளு கூடவா இல்ல?” என்று கேட்டாய். முழுதும் ஆடி முடிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னாய்.

அலிபிரி ரோட்டில் நம் கேம் கடைக்கு அந்த கேமின் ரசிகர்கள் சிலர் சண்டைக்கு வந்தபோது நான் கல்லாவில் இருந்தேன். முன்னால் நின்றவன் பலமனேர்க்காரன். நம் கடையிலேயே உட்கார்ந்து ஆடியவன்.

“வீடியோவ எடுத்துடு. அந்த கேமத் திட்டறதுக்கு நீ யார்றா?”

“எனக்குத் தோணினத சொன்னேன். உனக்குப் புடிச்சிருந்தா நீயும் ஒரு வீடியோ போடு. இன்னாத்துக்குக் கத்திக்கினு இருக்கற?”

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பா அவனுக்குப் பொறுக்கவில்லை? ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்து உன் தலையில் அடித்தான். நீ டிவி மேல் விழுந்தாய். எழுந்தாய். மறுபடியும் அடித்தான். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் கையைக் கடித்துத் தொங்கினேன். என்னைச் சுவரில் அறைந்துவிட்டு ஓடினார்கள். ஆட்டோவில், என் மடியில், ரத்தம் நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரி வருவதற்குள் போய்விட்டாய்.

போன வாரம் அவனுடைய அப்பா குடிபாலாவுக்கு, நம் வீட்டுக்கே வந்தார்.

“பசங்க ஆட்டத்துல ஆயிப்போச்சும்மா. சமாதானமா ராஜீ பண்ணிக்கலாம். சரியா பாக்கலன்னு சொல்லிடு, போதும்.”

நைனாதான் பதில் சொன்னார். “என் பொண்ணு பாத்தா. பாத்தத சொல்லுவா. நீ கெளம்புப்பா.” அவர் போனதும் நைனா சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நானும் அம்மாவும் இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று.

முந்தாநாள் கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். “ஒரு கேமுக்காகவா கொலை பண்ணுவாங்க?” என்று அவன் வக்கீல் கேட்டார். “பண்ணாங்க சார்,” என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்த கேமை ஆட உட்கார்ந்தேன். இன்றைக்குத்தான் முடித்தேன். பின்பாதியில், அந்தக் குடியிருப்பில் தப்பிய ஒருத்தி வருகிறாள், அண்ணா. செத்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லி, முதலில் அவன் குதிரையைச் சுடுகிறாள். பிறகு அவனை. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் தப்ப முடியாது. கண்ட்ரோலரைப் போட்டுவிட்டு வாய்விட்டு அழுதேன். நீ போட்ட நாலு மார்க் தப்பு. நான் எட்டு போடுவேன்.

நீ சொன்னது தப்பாகவே இருக்கட்டும். அதற்கு உன் மண்டையையா உடைப்பான்?

நாளைக்குக் கடையைத் திறந்து, அங்கே உட்கார்ந்தே என் வீடியோவை எடுக்கப்போகிறேன். நீ எங்கே தவறினாய் என்று உன் பெயரைச் சொல்லியே சொல்வேன். உன் வீடியோவை யார் மிரட்டினாலும் நீக்க மாட்டேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

உன்னோடு இன்னும் ஒத்துப்போகாத தங்கச்சி,
ரேவதி