மண்டியிட இடம்

அன்பு மகளுக்கு,

போன வாரப் புயலில் உங்கள் பாரிஷ் சர்ச்சின் கூரை விழுந்ததும், உன் பிள்ளையின் ஞானஸ்நானத்தை நம் சேப்பலில் நடத்தலாமா என்று உங்கள் பாதிரியார் வந்து கேட்டது உனக்குத் தெரிந்திருக்கும். சபை கூடி வாக்கெடுத்தோம். இங்கிலாந்து ராஜாவின் சர்ச்சான உங்கள் சர்ச்சே வேண்டாமென்று முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பிரிந்து வந்தவர்கள் நாம். கை தூக்குவதற்கு முன் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எனக்குத் தோள்வலி. ஆனாலும் தூக்கினேன்.

அதன் பிறகுதான் சிக்கல். நாம் உட்கார்ந்தே ஜெபிக்கிறவர்கள். நீ கல்யாணத்தோடு போய்ச் சேர்ந்த சர்ச்சிலோ மண்டியிடாமல் ஜெபமே இல்லை. பால்காரி டாபிதா சிரித்தாள்: "நம்ம பெஞ்சுல மண்டி போடணும்னா, காலைக் கழட்டி வாசல்ல வச்சுட்டுத்தான் வரணும், மூப்பரே!"

உண்மைதான். மண்டியிடும் ஆசையே யாருக்கும் வந்துவிடக் கூடாதென்று என் தாத்தா பெஞ்சுகளை அவ்வளவு நெருக்கி அடித்திருக்கிறார். இன்று முழுக்க ஆணி பிடுங்கினேன். டாபிதா விடவில்லை: "உங்க தாத்தா இருந்திருந்தா அந்தச் சுத்தியலாலயே உங்க மண்டையில போட்டிருப்பாரு!"

முன்வரிசையில் இப்போது தாராளமாக இடம் இருக்கிறது.

உன் கல்யாணத்தன்று, உள்ளே கால் வைக்க மாட்டேனென்று உங்கள் சர்ச் வாசலிலேயே மழையில் நின்றுவிட்ட என்னை நீ உள்ளேயிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

கணப்பு மூட்டி வைக்கிறேன். பிள்ளையைக் கம்பளியில் சுற்றிக் கொண்டு வா. என் பக்கத்தில் உட்கார். நீ மண்டியிடும்போது நானும் இறங்கிவிட்டால் சிரிக்காதே. எழுந்திருக்க நீதான் கை கொடுக்க வேண்டும்.

உன் அப்பா