நம் கிணற்றுக்கு எரிந்த விளக்கு

நல்லூர், திருப்பூர்
23.3.1997

அன்பு மகள் மருதாளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருக்கிறோம். அறிவியல் கண்காட்சி முடிந்து நீ சாப்பிடாமல் சென்னைக்கு பஸ் ஏறி இன்றோடு இருபத்து மூன்று நாள்.

என் மேல் மட்டும் தப்பு என்று நினைக்காதே. அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டு வாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினாய். அதில் இரண்டு கம்பியை விட்டால் உப்புக்குத் தக்கபடி விளக்கு எரியும் என்று காட்டினாய். கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய உன் ஐந்து வருட ஆராய்ச்சி பாமரனுக்கும் புரிந்தது, சரி. நம் கிணற்றுத் தண்ணீருக்குத்தான் விளக்கு பளிச்சென்று எரிகிறது என்று, சாயப்பட்டறை மாஸ்டரான என்னை வைத்துக்கொண்டா சொல்வது?

“முப்பது வருசமா சாயத்தொட்டியில உப்புப் பாக்கற நாக்கு இது. உன்ற பல்பு பொய் சொல்லும்” என்று நம் கிணற்றுத் தண்ணீர் இருந்த பாட்டிலை வாங்கிக் குடித்து, உப்பே இல்லை என்றேன். ஜனம் கைதட்டிக் கலைந்தது. அப்புறம் உன் மேஜைக்கு யாரும் வரவில்லை.

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். இப்போது தேவலை. அன்று நான்தான் ரசம் வைத்தேன். பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பழனியம்மாளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். வாயில் வைத்தவள் துப்பிவிட்டு, “ஏனுங்க மாஸ்டர், உப்புச் சட்டியையே கவுத்துட்டீங்களா?” என்றாள். எனக்கோ உப்பே போதவில்லை.

படுத்திருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “ஏழெட்டு வருசமா உங்களுக்குத் தனியா உப்பு அள்ளிப் போட்டுத்தானுங்க வெக்கறேன். சொன்னா மனசு ஒடைஞ்சு போவீங்க.”

பழனியம்மாளுக்கு இது ஆறாம் மாதம். நம் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். குடிக்காதே என்று அவளிடம் போய்ச் சொன்னேன். “மக கோவிச்சுக்கிட்டான்னு மாத்திப் பேசறீங்க. நீங்களே குடிச்ச தண்ணிதானுங்களே” என்று சிரிக்கிறாள். வீதியில் எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள். கிணற்றைத் தகரம் போட்டு மூடினேன். நான் வேலைக்குப் போனதும் எடுத்துவிட்டுச் சேந்துகிறார்கள்.

ஊர் முன்னால் நீ சொன்ன விதம் தப்புதான். அதில் எனக்கு வேறு பேச்சில்லை. ஆனால் அந்த விளக்கை எடுத்துக்கொண்டு வா. நம் வாசலில் மேஜை போடுகிறேன். முதல் பாட்டிலை நானே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ நல்லாயிருக்க வேண்டும். வரும்போது உனக்குக் குடிக்கத் தண்ணீர் அங்கிருந்தே கொண்டு வந்துவிடு, கண்ணு.

இப்படிக்கு,
உன் அப்பா
மாரப்பன்