வெண்ணெய் டப்பாவில் போட்ட கோடு

வீட்டு உளவுத்துறை அதிகாரிக்கு,

சாப்பாடு மேஜையில் மூடி வைத்திருக்கிறேன். உங்களுக்கும் எனக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே சட்டிச் சமையல்தான். ஆனால் கொலஸ்ட்ரால் எனக்கு மட்டும் ஏறியதும், "எனக்குத் தெரியாம எதையோ மொக்குற" என்றீர்கள். என் கைப்பையைத் துழாவினீர்கள். வெண்ணெய் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு அளவு பார்த்தீர்கள். இரண்டு வருடம் பொறுத்தேன்!

நேற்று டாக்டரம்மா என்ன சொன்னார்? "ஒரே சாப்பாடா இருந்தாலும் குடல்ல இருக்கற பாக்டீரியா ஆளுக்கு ஆள் வேற. அதுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் தொடர்பு இருக்கலாம்." நீங்களும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? "தப்பா நெனச்சுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா?

அந்தக் கோட்டைத் தேய்த்து அழித்துவிட்டேன். வேலைக்குக் கிளம்புகிறேன்.

பி.கு.: பத்து மணிக்கு லேபிலிருந்து ஆள் வருவார். ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் இருக்கும் வெள்ளை டப்பாவை அப்படியே கொடுத்துவிடுங்கள். பாக்டீரியாவைப் பார்க்க டாக்டரம்மா கேட்ட என் மலம் அது. திருட்டுத் தீனி என்று நினைத்து, இந்தச் சீட்டைப் படிக்கும் முன்பே திறந்து பார்த்திருந்தால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.