வெக்கையும் புழுக்கமும்

என் பெரியவளுக்கு,

அங்கே குளிரில் விரல் விறைக்காமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், கை வரமாட்டேன் என்கிறது. உன் போனை நான் எடுக்காததற்குக் கோபம் காரணமில்லை, எடுத்தால் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவாய். பதறாமல் படி. உன் தம்பி சுண்டு பிழைத்துக்கொண்டான். ஆனால் அவன் இப்போது நம் வீட்டில் இல்லை, உன் அத்தை வீட்டில் இருக்கிறான்.

நம் மாடி வீட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தளம் ராத்திரியில் நம் தலையில்தான் இறக்குகிறது, சுவரில் முதுகைச் சாய்க்க முடியவில்லை, குழாயைத் திறந்தால் காய்ச்சிய தண்ணீர் மாதிரி வருகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளையடித்துக்கொள்கிறோம் என்று அப்பா வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தார், எதிர்வீட்டுக்காரருக்குக் கண் கூசுமாம், அவர் சண்டைக்கு வருவாராம். ரொட்டி அடுப்பு முன்னால் நின்றுவிட்டு வந்து படியேறும்போதே அப்பா, அங்கேயாவது சம்பளம் கொடுத்து வேகவைக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பும் இந்தக் கோடையில் போய்விட்டது. சுண்டுவுக்குக் கழுத்து மடிப்பெல்லாம் வேர்க்குரு. மடியில் போட்டால் என் உடம்புச் சூடே அவனுக்கு ஆகவில்லை, இரண்டு வாய் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அப்போதுதான் நீ ஜன்னலில் ஈரப் போர்வை கட்டச் சொன்னாய். கட்டினேன். வறண்ட காற்று அதில் பட்டு உள்ளே வரும்போது சில்லென்றுதான் இருந்தது, அவன் கையும் காலும் விரித்துத் தூங்கினான், நான் இயற்பியல் படித்தது ஒரு ஜன்னலுக்காவது உதவியதே என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் காற்று நின்றுபோனது. வானம் மூடிக்கொண்டது, மழையும் இல்லை, டப்பாவில் உப்பு கசிந்தது, துவைத்த துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கியது. அன்றைக்கு நீ போனில், "வெக்கையா இருக்கா, புழுக்கமா இருக்காம்மா?" என்று கேட்டாய். "ரெண்டும் ஒண்ணுதான்டி, சூடு சூடுதானே" என்றேன். நீ ஏதோ சொல்ல வந்தாய், அதற்குள் அவன் அழுதான், வைத்துவிட்டேன்.

சூடு கூடுகிறதே என்று இன்னும் இரண்டு போர்வையை நனைத்துத் தொட்டிலைச் சுற்றிக் கட்டினேன், அனல் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னலையும் அடைத்தேன். ஈரம் உலர்ந்தால்தான் குளிரும், உலரவிடாத காற்றில் அது வெறும் மூடி என்பது நான் பரீட்சையில் எழுதிய பாடம். அவன் அழுகையை நிறுத்தியதும் குளிர்ந்து தூங்குகிறான் என்றே நினைத்தேன். அப்பா வந்து தூக்கும்போது தலை தொங்கிவிட்டது, உதடு காய்ந்திருந்தது, காலையில் இடுப்பில் கட்டிய துணி நனையவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவனுக்கு ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "படிச்சவங்கதானே நீங்க? குழந்தையைப் புழுக்கி எடுத்திருக்கீங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் என்னைப் பார்த்துப் பாட்டியா என்று கேட்டாள்.

இந்தக் கோடை முடியும்வரை அவனை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்றுதான் அனுப்பினார்கள். அத்தை வீடு தரைத்தளம், மேலே இரண்டு மாடி இருக்கிறது, பின்னால் மரம். ஆனால் ஒரே அறை, மாமா படுக்கையிலேயே இருக்கிறார், நான் போய்க் காலை நீட்ட இடம் கிடையாது. பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன், கிளம்பும்போது வாந்தி எடுக்கும்வரை அழுதான். அத்தைக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும், "கொஞ்ச நாளைக்கு வராத அண்ணி, உன்னைப் பார்த்தாதான் அழறான்" என்று சொல்லிவிட்டாள். தப்பாகச் சொல்லவில்லை. புட்டிப்பால் குடிக்கப் பழகிவிட்டானாம். எனக்கு இங்கே பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது, பிழிந்து கழுவுதொட்டியில் விட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, திட்டினால்கூடத் தேவலை. தொட்டிலை அவிழ்த்து மடித்து வைத்தார், நான் திரும்பவும் கட்டினேன், அவர் போய்ப் படுத்துக்கொண்டார். இனி ஒரு குழந்தையை என்னிடம் நம்பிக் கொடுக்கலாமா என்று எனக்கே தெரியவில்லை.

போர்வை கட்டச் சொன்னது நான்தானே என்று நீ அங்கே உட்கார்ந்து அழக் கூடாது. நீ சரியாகத்தான் சொன்னாய், சரியாகத்தான் கேட்கவும் கேட்டாய். வேலையை விட்டுவிட்டு ஓடி வரவும் வேண்டாம், நீ வந்தாலும் தளம் குளிராது. மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்குள் போகும்போது கையுறையைக் கழற்றாதே, வெளியே வந்த உடனே வெந்நீரில் கை வைக்காதே. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்க வேண்டும்.

ஒன்றே ஒன்று மறக்காமல் செய். தினமும் அத்தைக்கு ஒரு போன் போடு. நான் பேசினால் என் குரல் கேட்டு ஏங்கிவிடுவான், உன் குரலுக்கு அழமாட்டான். என்ன குடித்தான், எப்போது தூங்கினான், சிரித்தானா என்று கேட்டு எனக்குச் சொல்லு. இனிமேல் உன் போனை எடுக்கிறேன்.

உன் அம்மா